சோட்டாநாக்பூர் நிலமும் திருச்சபையின் பொதுக்குரலும்

இந்தியத் திருச்சபையின் பொதுப்பணி பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு பட்டியல் வாசிக்கப்படுவது வழக்கம்: பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், தொழுநோயாளர் இல்லங்கள். பட்டியல் பொய்யன்று. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 2.3 விழுக்காடே இருந்த ஒரு சமூகம் இத்தனை நிறுவனங்களை நடத்திவருவது வியப்புக்குரியதே. ஆயினும் பட்டியல் கூறுவது தொண்டைப் பற்றி. கேள்வியோ நீதியைப் பற்றியது. பசித்தவருக்குச் சோறிடுவது ஒன்று. அவருடைய வயல் எவ்வாறு கைவிட்டுப் போயிற்று என்று வினவி, ஆவணத்தைத் தேடியெடுத்து, நீதிமன்றப் படியேறுவது வேறொன்று. முன்னதைச் செய்பவர்க்கு ஊரே நன்றி கூறும்; பின்னதைச் செய்பவர் மீது வழக்குப் பாயும்.

இவ்வேறுபாட்டை விளக்க முனையும் இறையியல் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு ஆவணங்களில் தொடங்குகின்றன. 1971இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், நீதிக்கான செயல்பாட்டை நற்செய்தி அறிவிப்பின் பிரிக்கவியலாத கூறாக அறிவித்தது. அடுத்து, 1974-75இல் நடந்த இயேசு சபையின் 32ஆம் பொதுப்பேரவை, நம்பிக்கைப் பணியையும் நீதிக்கான உழைப்பையும் ஒன்றிணைத்தது. இரண்டும் முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தியாவில் இக்கேள்வி எழுந்தது உரோமையின் தாளில் அன்று. அதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் முன்னரே, இன்றைய ஜார்க்கண்டின் சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்தில், குத்தகை இரசீதுகளின் வடிவில் அது எழுந்துவிட்டது. அந்த வரலாறு பெருமிதத்தோடு நினைவுகூரப்படும் அளவுக்கு, அதன் உள்முரண்களோடு படிக்கப்படுவதில்லை.

1885இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அப்பகுதிக்கு வந்து தோர்பாவில் தங்கியபோது, முண்டா, உராவ் மக்களின் நிலவுரிமை பெருமளவு சிதைந்திருந்தது. காட்டைத் திருத்தி ஊரை உருவாக்கிய முன்னோரின் வழித்தோன்றல்களுக்கே நிலம் கூட்டாக உரியது என்பது முண்டாக்களின் குந்த்கட்டி முறை. வெளியிலிருந்து வந்த ஜமீன்தார்களும் டிக்காதார்களும் அம்முறைக்கு மேல் தம் உரிமையைப் பதித்தனர். வாரம் வாங்கிக்கொண்டு இரசீது தர மறுத்தனர். இரசீது இல்லாததைக் காட்டியே பிறகு நிலத்தை விட்டு வெளியேற்றினர். பேகாரி எனப்பட்ட கூலியில்லா வெட்டிவேலை தனி. நீதிமன்றத்தின் மொழி அம்மக்களுக்குத் தெரியாது; அங்கே இருந்த எழுத்தர்களோ பெரும்பாலும் எதிர்த்தரப்புக்கு வேண்டியவர்கள்.

லீவன்ஸ் செய்த வேலை மேடைப்பேச்சு அன்று. குத்தகைச் சட்டங்களைக் கற்றார். எந்த வரி சட்டப்படியானது, எது அடாவடி, எத்தனை நாள் வெட்டிவேலை வழக்காற்றின்படி கோரப்படலாம் என்பவற்றைப் பிரித்தறிந்தார். வழக்காடுவோருக்கு ஆலோசனை கூறி ராஞ்சிக்கு அனுப்பினார். சில வழக்குகள் வென்றதும் செய்தி ஊர் ஊராகப் பரவியது. ஏழெட்டு ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் கத்தோலிக்கத் திருச்சபையை நாடி வந்தனர். உடல் நலிந்து தாயகம் திரும்பிய அவர் 1893இல் லூவனில் காசநோயால் மறைந்தார், வயது 37.

திருச்சபை வரலாற்று நூல்கள் வழக்கமாக இவ்விடத்தில் நன்றியுரையோடு நின்றுவிடுகின்றன. ஆய்வாளர் இங்கேதான் தொடங்க வேண்டும். நிலத்தை மீட்டுத் தருவதும் மதத்தில் சேர்ப்பதும் ஒரே கையால் நடந்தால், அது நீதியா, ஆள்சேர்ப்பா? இக்கேள்வியைச் சங்கப் பரிவாரம் இன்று தன் நோக்கத்துக்காக எழுப்புகிறது என்பதாலேயே கேள்வி செல்லாததாகிவிடாது. அது அக்காலத்திலேயே, அம்மக்களிடமிருந்தே எழுந்தது. லீவன்ஸுக்கு முன்பே, 1845 முதல் ராஞ்சியில் இயங்கிய லுத்தரன் மறைப்பணியில் சேர்ந்திருந்தோர் பலர் சர்தார் இயக்கத்தில் முன்னின்றனர். தம் முன்னோரின் நிலம் முழுமையும் திரும்ப வேண்டும், ஜமீன்தார் முறையே ஒழிய வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கோரிக்கை. மனுமேல் மனுவாக அரசுக்கு எழுதினர். மறைபணியாளர்கள் அதை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று கருதி விலகிக்கொள்ள, சர்தார்கள் மறைப்பணி நிலையத்தை விட்டு வெளியேறினர்.

பிர்சா முண்டாவின் வாழ்க்கையும் இதே பிளவின் வழியாகச் செல்கிறது. அவர் குடும்பம் லுத்தரன் கிறிஸ்தவத்தைத் தழுவியிருந்தது. அவர் படித்தது சாய்பாசாவின் ஜெர்மானிய மறைப்பணிப் பள்ளியில். ஆட்சியாளரும் மறைபணியாளரும் ஒரே தொப்பி அணிந்தவர்கள் என்ற முடிவுக்கு வந்து வெளியேறிய அவர் தொடங்கிய உல்குலான், 1899 கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் மறைப்பணி நிலையங்கள் மீதும் அம்பு எய்தது. 1900 ஜூன் 9 அன்று பிர்சா ராஞ்சிச் சிறையில் இறந்தார். நிலவழக்குகளில் துணைநின்ற அதே திருச்சபை ஏன் அம்புக்கு இலக்காயிற்று என்பதற்கு விடை கடினமன்று. அது அளித்த நீதி, பேரரசு வகுத்த எல்லைக்குள் அடங்கியது. தனிமனிதரின் வயலை மீட்க உதவியது, வயலைப் பறித்த முறைமையைத் தொடவில்லை.

அம்பெய்யப்பட்ட நிலையங்களுள் சர்வாதாவும் ஒன்று. அங்கே பணியாற்றிய ஜெர்மானிய இயேசு சபைக் குரு ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் அதன்பிறகு மேற்கொண்ட பாதை, இந்த வரலாறு முழுவதிலும் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. அவர் முண்டாரி மொழியையும் நிலமுறையையும் ஊன்றிக் கற்றவர்; பல தொகுதிகளாக வெளிவந்த முண்டாரிக் கலைக்களஞ்சியம் அவர் உழைப்பில் விளைந்தது. மொழியியலார் அதை அறிவர். ஆனால் அந்தக் கல்வி நிலச்சட்டத்தில் எவ்வாறு பயன்பட்டது என்பதே இங்கு பொருட்படுத்தத்தக்கது. குந்த்கட்டி முறை வெறும் பழங்குடி நம்பிக்கையன்று, சட்டம் ஏற்கவேண்டிய உடைமைமுறை என்பதை நில அளவை அலுவலர்களுக்கு அவர் விளக்கினார். நில ஏற்பாட்டு அலுவலர் லிஸ்டருடன் இணைந்து குறிப்புகள் எழுதினார். 1908இல் நிறைவேறிய சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் அம்முறையைச் சட்டத்தில் பதித்தது; பழங்குடியினரின் நிலம் பிறர் கைக்கு மாறுவதைக் கட்டுப்படுத்தியது. அச்சட்டத்துக்குப் பிர்சாவின் கிளர்ச்சி அரசுக்கு ஊட்டிய அச்சமும் காரணம். ஹாஃப்மனின் அறிவும் காரணம். இரண்டில் ஒன்றை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

லீவன்ஸின் ஆலோசனையைப் பெற்றவர் பெரும்பாலும் திருச்சபையின் கதவுக்குள் வந்தார். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெற்றவர் எந்தக் கதவுக்குள்ளும் வரவேண்டியதில்லை. சர்னா தோப்பில் வழிபடுபவருக்கும், இந்துவாகத் தம்மைக் கருதுபவருக்கும், கிறிஸ்தவருக்கும் அச்சட்டத்தின் 46ஆம் பிரிவு ஒன்றே. திருச்சபையின் ‘பொதுப்’ பணி என்ற சொல்லில் ‘பொது’ என்பதற்குப் பொருள் உண்டென்றால் அது இதுதான்: விளைந்த பயன் திருச்சபைக்கு வெளியே உள்ளவருக்கும், திருச்சபையை எதிர்த்தவருக்கும் கூட, உரிமையாகச் சென்று சேர்வது. சர்வாதா மீது அம்பெய்தவரின் பேரப்பிள்ளையும் அச்சட்டத்தைக் காட்டித் தன் வயலைக் காத்துக்கொள்ளலாம்.

அதே ஹாஃப்மன் 1909இல் தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கம் மகாஜனின் வட்டியிலிருந்து ஏராளமான குடும்பங்களை விடுவித்தது, அருஞ்செயல்தான். ஆனால் அது கத்தோலிக்கக் கூட்டுறவுச் சங்கம், பெயரிலும் உறுப்பினரிலும். ஒரே மனிதரின் இரண்டு செயல்கள்: ஒன்று எல்லாரின் சொத்தாயிற்று, மற்றொன்று ஒரு சமூகத்தின் வலிமையாயிற்று. பின்வந்த தலைமுறைகள் இரண்டாவதையே பெரிதும் பின்பற்றின. (முதலாவதைப் பின்பற்ற ஹாஃப்மனுக்கே காலம் வாய்க்கவில்லை. ஜெர்மானியர் என்பதற்காக 1915இல் ஆங்கில அரசு அவரை நாடுகடத்தியது. பேரரசோடு ஒத்துழைத்தவர் என்று அவரைக் குறைகூறுவோர் இதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.)

பயன் யாருக்கு என்ற இந்த அளவுகோலை வேறோரிடத்தில் வைத்துப் பார்த்தால் அதன் கூர்மை விளங்கும். விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் திருச்சபை தன் முழு வலிமையோடு தெருவுக்கு வந்த நிகழ்வு 1959ஆம் ஆண்டுக் கேரளத்தின் விமோசன சமரம். நாயர் சர்வீஸ் சொசைட்டி, முஸ்லிம் லீக், காங்கிரஸ் ஆகியவற்றோடு திருச்சபையும் கைகோத்தது. ஜூலை 31 அன்று ஈ.எம்.எஸ். அரசு கலைக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சி பற்றிய அச்சம் அக்கால உலக அரசியலில் பொருளற்றதன்று. எனினும் திருச்சபையை முதன்மையாகத் தெருவுக்கு அழைத்துவந்தது ஜோசப் முண்டசேரி கொணர்ந்த கல்வி மசோதா. அவரே ஒரு கத்தோலிக்கர். உதவிபெறும் தனியார் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்தையும் நியமனத்தையும் மேலாளர்களின் விருப்பத்திலிருந்து விடுவிப்பது அந்த மசோதாவின் நோக்கங்களுள் ஒன்று. அதாவது, திருச்சபை அன்று வெளிக்காட்டிய பேராற்றல், தன்னிடம் வேலை பார்த்தவர்களின் பாதுகாப்புக்கு எதிர்த்திசையில் பயன்பட்டது. அதே அரசின் நிலச்சீர்திருத்த மசோதாவும் அந்தக் கலைப்போடு தடைப்பட்டது.

கால் நூற்றாண்டு கழித்து, 1984இல், அதே கேரளத்தில் அருட்சகோதரி ஆலிஸும் அருட்தந்தை தாமஸ் கோச்சேரியும் உண்ணாநோன்பிருந்தனர். பருவமழைக் காலத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை வேண்டும் என்ற மீனவர் கோரிக்கைக்காக. தெற்கே இலத்தீன் கத்தோலிக்க மீனவர், வடக்கே முஸ்லிம், இந்து மீனவர் என எல்லாரின் வலையும் ஒரே கடலில்தான் காலியாகத் திரும்பியது. படகு உரிமையாளர்களிலும் கிறிஸ்தவர்கள் இருந்தனர். எனவே அருட்பணியாளரும் துறவியரும் தெருவில் அமர்வது தகுமா என்ற கேள்வி திருச்சபைக்குள் உரத்து எழுந்தது. 1959இல் அக்கேள்வி இவ்வளவு உரத்து எழவில்லை என்பதைக் கவனிக்கலாம். பருவகாலத் தடை 1988இல் வந்தது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் நடைமுறையில் உள்ளது.

மீண்டும் ஜார்க்கண்ட். 2016இல் அன்றைய மாநில அரசு, வேளாண் நிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு மாற்றுவதை எளிதாக்கும் வகையில் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த முனைந்தது. பழங்குடி அமைப்புகள் பரவலாக எதிர்த்தன. திருச்சபைகளும் எதிர்ப்பில் கலந்துகொண்டன. அன்றைய ஆளுநர் திரௌபதி முர்மு மசோதாக்களைத் திருப்பியனுப்ப, 2017இல் அரசு பின்வாங்கியது. அதே 2017இல் மதமாற்றத் தடைச் சட்டமும் அம்மாநிலத்தில் நிறைவேறியது தற்செயலாக இருக்கவியலாது. நிலத்தைப் பற்றிய பேச்சை மதத்தைப் பற்றிய பேச்சாக மாற்றிவிட்டால், சர்னா வழிபாட்டினரும் கிறிஸ்தவரும் ஒரே ஊர்வலத்தில் நடப்பது அரிதாகிவிடும். மதம் மாறிய பழங்குடியினரைப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டும் என்று 1960களின் இறுதியில் கார்த்திக் உராவ் எழுப்பிய கோரிக்கை இன்று மீண்டும் உரம்பெற்றிருப்பதும் இப்பின்னணியில்தான்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து, வாழ்வின் பெரும்பகுதியை ஜார்க்கண்டில் கழித்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமியை இவ்வரிசையில் வைத்துப் பார்ப்பதே முறை. ராஞ்சியை அடுத்த நாம்கும்மின் பகைச்சா மையத்திலிருந்து அவர் செய்த முதன்மையான வேலை, மாவோயிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த பழங்குடி விசாரணைக் கைதிகளைப் பற்றிய ஆய்வும், அவர்களுக்காக ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கும் ஆகும். அக்கைதிகளின் மதம் எது என்று அவ்வழக்கு கேட்கவில்லை. லீவன்ஸின் கருவிகளான ஆவணம், சட்டப்பிரிவு, நீதிமன்றம் ஆகியவை அவர் கையில் ஹாஃப்மனின் பரப்பை எட்டின.

2020 அக்டோபர் 8 அன்று தேசியப் புலனாய்வு முகமை அவரைப் பீமா கோரேகான் வழக்கில் கைது செய்தது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் பிணை பெறுவது எவ்வளவு அரிது என்பதைச் சட்டம் பயில்வோர் அறிவர். நடுக்குவாத நோயாளியான அவருக்கு நீர் அருந்த உறிஞ்சுகுழல் கிடைப்பதே ஒரு வழக்காயிற்று. பிணை மனு நிலுவையில் இருக்க, 2021 ஜூலை 5 அன்று மும்பையின் திருக்குடும்ப மருத்துவமனையில், 84ஆம் வயதில் இறந்தார். விசாரணை தொடங்கவே இல்லை. ஆயர் பேரவை அவருடைய விடுதலையைக் கோரியது. இயேசு சபையினர் இறுதிவரை உடன்நின்றனர். ஆனால் எத்தனை மறைமாவட்டங்களின் ஞாயிற்றுக்கிழமை மறையுரைகளில் அந்த விசாரணைக் கைதிகளின் நிலை பேசப்பட்டது? ஒரு குருவின் கைது துயரமாகவே பேசப்பட்டது. அவர் எவருக்காக வழக்குத் தொடுத்தாரோ அவர்களின் சிறை திருச்சபையின் துயரமாகவில்லை. கத்தோலிக்க மருத்துவமனை அவருக்குப் படுக்கை தந்தது. தொண்டு தன் கடமையைச் செய்தது என்று கொள்ளலாம்.

இந்த மௌனத்துக்குக் கோழைத்தனம் என்று பெயரிடுவது எளிது, போதாது. கந்தமாலில் 2008இல் நடந்ததை அறிந்த எந்தச் சிறுபான்மைச் சமூகமும் எச்சரிக்கையாகவே பேசும். அதற்கு மேலும் ஒரு பொறி உண்டு. நிறுவனங்கள் பெருகப் பெருக, இழப்பதற்கான பொருளும் பெருகுகிறது. பள்ளிக்கு அங்கீகாரம் வேண்டும், கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு வேண்டும், சமூகப்பணி மையத்துக்கு வெளிநாட்டு நன்கொடை உரிமம் வேண்டும். 2020ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், பெற்ற நன்கொடையை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையே தடைசெய்தது. நிருவாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. சிற்றூர்களில் சட்ட உதவியும் நிலவுரிமைப் பணியும் செய்த சிறு குழுக்கள் பெரிய அமைப்புகள் வழியாகவே நிதி பெற்றுவந்தவை. முதலில் உலர்ந்தவை அவையே. மருத்துவமனைகளை நேரடியாக நடத்தும் பெரிய அமைப்புகள் நிலைத்தன. தொண்டு நிற்க, உரிமைப்பணி வற்றுவதற்கு இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இருக்கவியலாது. நெருக்கடிநிலைக் காலத்தில் பெருநகராயர் யூஹானோன் மார்த்தோமா பிரதமருக்குக் கண்டனக் கடிதம் எழுதியபோது, எம்.எம். தாமஸ் தொடர்ந்து விமரிசித்தபோது, அவர்களுக்கும் நிறுவனங்கள் இருந்தன என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

வெளியே பேசுவதைவிடக் கடினமானது உள்ளே பேசுவது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பழங்குடியினரை வரையறுக்கையில் மதத்தைப் பார்க்கவில்லை. பட்டியல் சாதியினரை வரையறுக்கையில் மட்டும் மூன்றாம் பத்தியில் மதத்தை நிபந்தனையாக்கியது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவருக்கு, அரசு வழங்கிய இலவசக் கடைப்பெட்டி மதத்தைக் காட்டி மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1985இல் நீதிமன்றம் கூறிய விடையின் சாரம் இது: மதம் மாறிய பின்னரும் அதே கடுமையோடு சாதி இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை.

இத்தீர்ப்பைத் திருச்சபைத் தலைவர்கள் அநீதி என்று கண்டிக்கின்றனர், கண்டனம் சரியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அப்பத்தியையே நீக்கப் பரிந்துரைத்தது. ஆனால் தீர்ப்பு கேட்ட சான்று எங்கே இருந்தது? திருச்சபையின் கோயில்களில் இருந்தது. கல்லறைத் தோட்டங்களில் இருந்தது. திருச்சி மேலப்புதூரில் இறந்தவர்களைச் சாதி பிரித்த சுவராகவே எழுந்து நின்றது. தலித் கிறிஸ்தவருக்கு நீதி கிடைக்க வேண்டுமானால் திருச்சபை தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லவேண்டும். சாதி எங்களிடம் இல்லை என்று மேடையில் கூறிக்கொண்டே, சாதியால் துன்புறுவோருக்கு இடஒதுக்கீடு கோருவது எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. 1980களின் தொடக்கத்தில் அரவிந்த் நிர்மல் போன்றோர் தொடங்கிய தலித் இறையியல் இந்த உண்மையைப் பல்லாண்டுகள் சொல்லிவந்தது. கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, 2022இல் இந்தியாவின் முதல் தலித் கர்தினாலானார். இரண்டும் தாமதமானவை, ஆயினும் உண்மையான நகர்வுகள்.

2022 அக்டோபரில் மத்திய அரசு இதே கேள்வியை ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. அத்தகைய ஓர் ஆணையத்தின் முன் திருச்சபை வைக்கவேண்டியது உணர்ச்சிமிக்க விண்ணப்பங்களை அன்று, தன் பதிவேடுகளை. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமாணவராக எத்தனை தலித்துகள் சேர்ந்தனர், எத்தனை பேர் குருக்களாயினர், கல்லூரி முதல்வராகவும் பள்ளித் தாளாளராகவும் எத்தனை பேர் அமர்ந்தனர், எந்தெந்தப் பங்குகளில் கல்லறை இரண்டாக உள்ளது. சோட்டாநாக்பூர் மறைமாவட்டங்களுக்கு இன்னொன்றும் உண்டு: தம் நிறுவனங்கள் நிற்கும் நிலம் எவ்வாறு, யாரிடமிருந்து, 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் வந்தது என்ற விவரம். எதிரிகள் குற்றச்சாட்டாக எழுப்பும்வரை காத்திராமல் அதைத் தாமே அச்சிட்டு வெளியிடலாம், ஹிந்தியிலும் முண்டாரியிலும் குடுக்கிலும்.